கூட்டம் கலைஞ்ச அப்புறம் யார் மிச்சம் இருக்காங்கன்னு பாருங்க

நீங்க கேட்டது சுருக்கமா இதுதான்: காலேஜ் மூணாவது வருஷம் படிக்கிறீங்க, மேடைக்கு மேடை இளைஞர்கள்தான் இந்தியாவ மாத்தணும்னு பேசுறத கேட்டு சலிச்சுப் போச்சு, நீங்களும் ரெண்டு போராட்டத்துக்குப் போனீங்க, போஸ்ட் ஷேர் பண்ணீங்க, ஒண்ணும் மாறின மாதிரி தெரியல, அப்ப இளைஞர்களால நிஜமாவே ஏதாவது நடந்திருக்கா இல்ல இதெல்லாம் வருஷா வருஷம் ஜனவரி 12 தேசிய இளைஞர் தினத்துக்குப் பேசுற பேச்சான்னு. இதுக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கு. இதுவரைக்கும் நடந்திருக்காங்கறது ஒண்ணு. நான் பண்றதுல ஏதாவது அர்த்தம் இருக்காங்கறது இன்னொண்ணு, அத நீங்க நேரா கேக்கல, ஆனா உள்ளுக்குள்ள அரிக்கிறது அதுதான்னு நெனைக்கிறேன். முதல் கேள்விக்கு பதில் நடந்திருக்கு, பல தடவ நடந்திருக்கு. ஆனா நடந்த விதம் மேடைல சொல்ற மாதிரி இல்ல, அதனாலதான் கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

நான் எங்கேருந்து பேசுறேன்னு சொல்லிடுறேன். 90கள்ல படிச்சுட்டு இருந்தப்ப, பெரியவங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தந்த அறிவொளி இயக்கத்துல தொண்டரா போனேன், அப்புறம் ஒரு கலைக்கல்லூரில வாத்தியார் வேல, கூடவே பல வருஷம் என்எஸ்எஸ் திட்ட அலுவலர். அதனால தமிழ்நாட்டு கிராமமும் காலேஜ் பசங்களும் எனக்கு நேர்ல தெரியும். குஜராத், ராஜஸ்தான், டெல்லி பத்தி சொல்றதெல்லாம் படிச்சும், அங்க வேல செஞ்சவங்க கிட்ட கேட்டும் தெரிஞ்சுகிட்டது, அந்த எடைய போட்டே படிங்க.

உறுதியா சொல்லக்கூடியதுலேருந்து ஆரம்பிக்கிறேன். 1965. அரசியலமைப்புச் சட்டம் 1950ல அமலுக்கு வந்தப்ப ஆங்கிலத்துக்கு 15 வருஷம் கெடு வச்சாங்க, அது 1965 ஜனவரி 26ஆம் தேதி முடியுது, அதுக்கப்புறம் மத்திய ஆட்சிமொழி இந்திதான்னு இருந்துச்சு. ஜனவரி 25 மதுரைல மாணவர் ஊர்வலம் அடிதடில முடிஞ்சு அங்கேருந்து மாநிலம் முழுக்க பத்திக்கிச்சு. 27ஆம் தேதி அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போலீஸ் துப்பாக்கிச்சூட்டுல செத்தாரு. அந்த ரெண்டு மாசத்துல போன உயிர் அரசுக் கணக்குப்படியே சுமார் 70. மத்திய அமைச்சர்களா இருந்த சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் ராஜினாமா கடிதம் கொடுக்குற அளவுக்குப் போச்சு, பிப்ரவரி 11 பிரதமர் சாஸ்திரி ரேடியோல வந்து, இந்தி பேசாத மக்கள் விரும்புற வரைக்கும் ஆங்கிலம் இருக்கும்னு நேரு கொடுத்த வாக்குறுதி நிக்கும்னு சொன்னாரு. 1967ல ஆட்சிமொழிச் சட்டத்த திருத்துனாங்க, 1968 ஜனவரில தமிழ்நாடு சட்டசபை இருமொழிக் கொள்கைத் தீர்மானம் போட்டுச்சு. நடுவுல 1967 தேர்தல்ல விருதுநகர்ல காமராஜரையே பெ. சீனிவாசன்ங்கற மாணவர் தலைவர் ஆயிரத்துச் சொச்சம் ஓட்டுல தோக்கடிச்சாரு. 20, 22 வயசுப் பசங்க தெருவுல இறங்கி டெல்லியோட முடிவ மாத்த வச்சாங்கங்கறதுல சந்தேகமே வேண்டாம்.

ஆனா இங்கேயே ஒரு கோடு போடணும். மாணவர்கள்தான் 1967ல காங்கிரஸ் ஆட்சிய மாத்துனாங்கன்னு ஒரு வரில முடிக்கிறவங்க நிறைய, அத நான் அப்படியே ஒத்துக்க மாட்டேன். அன்னைக்கு அரிசிப் பஞ்சம் இருந்துச்சு, திமுகவோட ராஜாஜியோட சுதந்திரா கட்சி வரைக்கும் சேந்த கூட்டணி இருந்துச்சு, எல்லாத்துக்கும் மேல 1937லேருந்தே நடந்த வேல இருந்துச்சு. முதல் இந்தி எதிர்ப்புல ஜெயிலுக்குப் போய் 1939ல உயிர விட்ட நடராசனும் தாளமுத்துவும் சின்ன வயசுக்காரங்கதான். அதுக்கப்புறம் 25 வருஷம் படிப்பகம், பத்திரிகை, நாடகம், ஊர் ஊரா கூட்டம்னு ஓடியிருக்கு. 1965ல தெருவுக்கு வந்த பையனுக்கு எதுக்காக வரோம்னு அவங்க ஊர் படிப்பகத்துல யாரோ ஏற்கனவே சொல்லிக் கொடுத்திருந்தாங்க. மாணவர்களோட பங்கு எத்தன சதவீதம், மத்ததோட பங்கு எத்தனன்னு பிரிச்சு சொல்ல முடியாது, சொல்றவங்கள நம்பாதீங்க.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு சொல்றேன். 1973 டிசம்பர்ல அகமதாபாத் எல்.டி. இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல்ல மெஸ் பில்ல ஏத்திட்டாங்க. அதுக்குப் பசங்க பண்ண ஸ்ட்ரைக்தான் பெருசாகி நவநிர்மாண் இயக்கமாச்சு, விலைவாசி ஊழல்னு மொத்த குஜராத்தும் சேந்துச்சு, 1974 பிப்ரவரி 9 முதலமைச்சர் சிமன்பாய் படேல் ராஜினாமா பண்ணாரு, அடுத்த மாசம் சட்டசபையே கலைஞ்சுச்சு. மெஸ் பில்லுல ஆரம்பிச்சு அரசாங்கத்தையே கவுத்தது சாதாரண விஷயமில்ல. ஆனா அதே சிமன்பாய் படேல் 1990ல திரும்பவும் முதலமைச்சரா வந்து உக்காந்தாரு. ஆள மாத்துறது ஒரு மாசத்து வேல, ஆள் வர்ற வழிய மாத்துறது வேற வேல, அந்த ரெண்டாவது வேலைக்கு ஹாஸ்டல் பசங்க யாரும் மிச்சம் இல்ல, பரீட்சை எழுதி டிகிரி வாங்கிட்டுப் போயிட்டாங்க. தப்புன்னு சொல்லல, மாணவர் வாழ்க்கைங்கறதே மூணு நாலு வருஷம்தான, அதுக்குள்ள முடியற வேலைய மட்டும்தான் அந்த வேகத்துல முடிக்க முடியும்.

நம்ம ஜல்லிக்கட்டுப் போராட்டத்த நீங்க சின்ன வயசுல டிவில பாத்திருப்பீங்க. 2017 ஜனவரி 17 மெரினால ஆரம்பிச்சு 21ஆம் தேதி அவசரச் சட்டம், 23ஆம் தேதி சட்டசபைல மசோதா. அவ்வளவு பெரிய கூட்டத்துல பசங்களே டிராஃபிக் பாத்தாங்க, குப்பை அள்ளுனாங்க, பொண்ணுங்க ராத்திரி பயமில்லாம உக்காந்திருந்தாங்க, அது நிஜம். கூடவே இதையும் பாருங்க: ஜல்லிக்கட்டுத் தடைய நீக்கணும்ங்கற கோரிக்கை ஒண்ணே ஒண்ணு, எதிர்த்துப் பேச மாநிலத்துல ஒரு கட்சி கூட இல்ல, அரசாங்கத்துக்கும் கொடுக்கறதுல நஷ்டமில்ல. அதே கடற்கரைல யாரோ ஒருத்தருக்கு நெலமோ தண்ணியோ காசோ நஷ்டமாகற கோரிக்கைய வச்சிருந்தா அஞ்சு நாள்ல கெடச்சிருக்குமா? கெடச்சிருக்காதுங்கறது என்னோட கணிப்பு, நிரூபிக்க முடியாது.

2012 டிசம்பர் டெல்லி சம்பவம், ஓடுற பஸ்ல ஒரு மாணவிய கூட்டு பலாத்காரம் பண்ணது, நடுவுல நிக்கிற கேஸ். அந்தக் குளிர்ல தண்ணி பீச்சி அடிச்சும் கலையாம நின்ன பசங்களாலதான் பாலியல் குற்றச் சட்டங்கள மாத்த நீதிபதி வர்மா கமிட்டி போட்டாங்க, கிட்டத்தட்ட 80,000 பரிந்துரை வந்துச்சு, 29 நாள்ல ரிப்போர்ட் கொடுத்தாங்க. ரிப்போர்ட் கொடுத்தப்ப வர்மாவே இந்த இளைஞர்கள் எங்க தலைமுறைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துட்டாங்கங்கற மாதிரி பேசினாரு. 2013 சட்டத் திருத்தத்துல பின்தொடர்ந்து தொந்தரவு பண்றது, ஆசிட் வீச்செல்லாம் தனிக் குற்றமாச்சு. ஆனா கல்யாண உறவுக்குள்ள நடக்குற பலாத்காரமும் குற்றம்தான்னு கமிட்டி சொன்னத அரசாங்கம் ஏத்துக்கல. அந்த நேரத்துக்கு கூட்டம் வீட்டுக்குப் போயிருந்துச்சு.

இப்ப கேமரா வராத பக்கம். 1990ல எர்ணாகுளம் நாட்டோட முதல் முழு எழுத்தறிவு மாவட்டம்னு அறிவிச்சாங்க, அதப் பாத்து தமிழ்நாட்டுல மாவட்டம் மாவட்டமா அறிவொளி வந்துச்சு, அதுல புதுக்கோட்டை 1991ல ஆரம்பிச்சது பெரிய பேர் வாங்குச்சு. அப்ப அங்க கலெக்டரா இருந்தவங்க ஷீலா ராணி சுங்கத். பாடம் எடுத்த தொண்டர்கள்ல பெரும்பகுதி பிளஸ் டூ முடிச்சுட்டு வீட்ல இருந்த பொண்ணுங்க, காலேஜ் பசங்க, சம்பளம் கிடையாது. ராத்திரி சாப்பாட்டு வேல முடிஞ்சு எட்டு மணிக்கு மேலதான் கிளாஸ், அரிக்கேன் விளக்கு, வயல்லேருந்து வந்த அம்மாக்கள் பாதிப் பேர் உக்காந்துகிட்டே தூங்குவாங்க. அங்க நான் பாத்த ஒரு விஷயம் மனசுல நிக்குது. சிலேட்டுல எழுத வராத ஒரு அம்மா, வயசு அம்பதிருக்கும், விரல் காய்ச்சுப் போய் குச்சிய பிடிக்க முடியாது, அவங்களுக்கு பாடம் சொன்ன பொண்ணுக்கு வயசு 18. அந்தப் பொண்ணு சிலேட்ட ஓரமா வச்சுட்டு தரைல மண்ணப் பரப்பி விரலால எழுதச் சொல்லிச்சு, எங்களுக்கு ட்ரெயினிங் கொடுத்த யாரும் அதச் சொல்லித் தரல. கொஞ்ச நாள்ல அந்த அம்மா திங்கக்கிழமை மனுநாளுக்கு கலெக்டர் ஆபீஸ் போய் மனுல கைநாட்டுக்குப் பதிலா கையெழுத்து போட்டாங்க. புதுக்கோட்டைல அதே இயக்கத்துல பெண்களுக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக் கொடுத்தது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம், கல்குவாரில வேல செஞ்ச பெண்கள் வரைக்கும் ஓட்டுனாங்க, லேடீஸ் சைக்கிள் கிடைக்காம ஜென்ட்ஸ் சைக்கிள் வாங்கி ஓட்டுனாங்க. கேலி பேசாத ஊர் இல்ல. அடுத்த தலைமுறை பொண்ணுங்க சைக்கிள்ல ஸ்கூலுக்குப் போறப்ப கேலி பேச யாருக்கும் தோணல.

அந்த இயக்கத்துலயும் ஓட்டை உண்டு. எழுத்தறிவு கிளாஸ் முடிஞ்சு தொடர்ச்சி இல்லாத ஊர்ல கத்துகிட்டவங்க எழுத்த மறந்துட்டாங்க. ஆனா பாடம் எடுத்த அந்தப் பசங்க மாறுனது மாறுனதுதான், அப்ப தொண்டரா வந்தவங்கள்ல சிலர் பின்னாடி உள்ளாட்சில நின்னாங்க, சுயஉதவிக் குழு நடத்துனாங்க, வாத்தியாரானாங்க. என்னைக் கேட்டா இளைஞர் இயக்கத்தோட பலன அளக்கறப்ப பாதிய இந்தக் கணக்குல எழுதணும்.

நீளமா நின்னவங்களுக்கு ரெண்டு உதாரணம் போதும். பெஜவாடா வில்சன், 1966ல கோலார் தங்கவயல்ல பொறந்தவரு, குடும்பமே மலம் அள்ளுற வேலைல தள்ளப்பட்ட குடும்பம். 1986ல, 20 வயசுல, உலர் கழிப்பிடத்த ஒழிக்கணும்னு ஆரம்பிச்சாரு. 1993ல ஒரு சட்டம் வந்துச்சு, அமலே ஆகல, 2003ல அவரோட அமைப்பு சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு, 2013ல புதுச் சட்டம், 2014 மார்ச்ல தீர்ப்பு, சாக்கடைல இறங்கிச் செத்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்கணும்னு சொல்லிச்சு, 2023ல அத 30 லட்சமா ஆக்குனாங்க. இன்னமும் ஆள் இறங்கிச் சாகுறது நிக்கல. இன்னொண்ணு ராஜஸ்தான் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன், கூலிக்காரங்க, விவசாயிங்களோட அமைப்பு. ஐஏஎஸ் வேலைய விட்ட அருணா ராயும், அமெரிக்காவுல படிச்சிட்டு இருந்த படிப்ப விட்டுட்டு வந்த நிகில் டேயும், உள்ளூர்க்காரரு சங்கர் சிங்கும் 1987ல தேவ்டூங்ரிங்கற குக்கிராமத்துல மண் வீட்ல தங்குனாங்க. கூலி வேல மஸ்டர் ரோல, அதாவது யார் வந்தா எவ்வளவு கூலின்னு எழுதுற பதிவேட்ட, ஊர் நடுவுல சத்தமா வாசிச்சாங்க, அவ்வளவுதான் டெக்னிக், செத்தவங்க பேர்ல எல்லாம் கூலி எழுதியிருந்தது ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. இந்தக் கணக்கெல்லாம் மக்களுக்குக் காட்டணும்னு 1996ல பியாவர்ல 40 நாள் தர்ணா, 2005ல தகவல் அறியும் உரிமைச் சட்டம். இவங்கள்ல பலர் இளைஞரா ஆரம்பிச்சாங்க, சட்டம் கைக்கு வந்தப்ப தலை நரைக்க ஆரம்பிச்சிருந்துச்சு. இளைஞர் சக்தின்னு பேசுறவங்க இந்த இடத்த மட்டும் சொல்லாம விட்டுடுவாங்க.

போஸ்ட் ஷேர் பண்ணதச் சொன்னீங்க, அப்ப ஆன்லைன்ல பண்றது வீணா? வீண் இல்ல, ஆனா எங்க போய் விழுதுங்கறது முக்கியம். 2015ல டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) இணைய சமவாய்ப்பு, அதாவது எல்லா சைட்டையும் நெட் கம்பெனி ஒரே மாதிரி நடத்தணும்ங்கறது, பத்தி கருத்து கேட்டு பேப்பர் வெளியிட்டப்ப, ஒரு சின்ன தன்னார்வலர் குழு கேள்வி வாரியா பதில் தயார் பண்ணி சைட்ல போட்டாங்க, மக்கள் அத அனுப்புனாங்க, 10 லட்சத்துக்கு மேல மெயில். 2016 பிப்ரவரி 8 டிராய் பாரபட்சமான டேட்டா கட்டணத்துக்குத் தடை போட்டுச்சு, சில சைட்ட மட்டும் இலவசமா காட்டுற ஃபேஸ்புக்கோட ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவுல நின்னுச்சு. அங்க கேள்வி கேட்ட ஆபீஸ் ஒண்ணு இருந்துச்சு, கடைசித் தேதி ஒண்ணு இருந்துச்சு, பதில் அந்த ஆபீஸோட இன்பாக்ஸுக்குப் போச்சு. ஸ்டோரில போடுற போஸ்ட்டுக்கு அந்த மாதிரி பதில் சொல்லியாகணும்ங்கற கட்டாயத்துல யாரும் இல்ல, அதான் வித்தியாசம்.

இப்ப கசப்பான பகுதி. இளைஞர்னாலே முற்போக்குன்னு ஒரு நெனப்பு இருக்கு பாருங்க, அத முதல்ல விட்டுடணும். தென் மாவட்டத்துல ஸ்கூல் பசங்க கைல கலர் கலரா கயிறு கட்டியிருப்பாங்க, வெளியூர்க்காரனுக்கு சாமி கயிறு மாதிரி தெரியும், உள்ளூர்ப் பையன் ஒரே பார்வைல அது எந்த சாதின்னு சொல்லிடுவான். 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரில பிளஸ் டூ படிச்ச தலித் மாணவனையும் அவன் தங்கச்சியையும் வீடு புகுந்து வெட்டுனது கூடப் படிச்ச பசங்க, பெரியவங்க இல்ல. அதுக்கப்புறம்தான் நீதிபதி சந்துரு தலைமைல ஒரு நபர் குழு போட்டாங்க, 2024 ஜூன்ல ரிப்போர்ட் வந்துச்சு, கயிறு மோதிரம் பொட்டுன்னு சாதி அடையாளம் எதுவும் கூடாது, ஸ்கூல் பேர்லேருந்து சாதிய எடுக்கணும்னு பரிந்துரை பண்ணாங்க. காலேஜ்லயும் இருக்கு, கொஞ்சம் நாசூக்கா. என்எஸ்எஸ் கேம்ப்ல யார் யார் சேந்து சமைக்கிறாங்க, எந்தத் தெருவுக்கு சர்வே எடுக்கப் போக மட்டும் திடீர்னு காய்ச்சல் வருதுன்னு கவனிச்சா புரிஞ்சிடும். போன் புதுசு, ஹேர்ஸ்டைல் புதுசு, வாட்ஸ்அப் குரூப் பேர் மட்டும் தாத்தா காலத்து சாதிச் சங்கப் பேர். 2016ல சிஎஸ்டிஎஸ் லோக்நீதிங்கற ஆய்வு அமைப்பு இந்தியா முழுக்க இளைஞர்கள் கிட்ட எடுத்த சர்வேல, மனைவி எப்பவும் புருஷன் பேச்சக் கேக்கணும்ங்கறத கிட்டத்தட்ட பாதிப் பேர் ஒத்துகிட்டாங்க. அதனால இளைஞர் ஜனத்தொகை அதிகம், தானா எல்லாம் மாறும்னு சொல்றது கணக்கு, சமூகம் இல்ல. சாதி வெறிக்கு ஆள் சேக்கறவங்களும் 18 வயசத்தான் தேடிப் போறாங்க.

அப்ப எங்கதான் மாறுதுன்னா, பெரும்பாலும் யாரும் இளைஞர் தலைவர்னு பேர் வைக்காத ஆட்கள்கிட்ட. குழந்தைத் திருமணத்த எடுத்துக்கங்க. தேசிய குடும்ப நல ஆய்வுல 20லேருந்து 24 வயசுக்குள்ள இருக்குற பெண்கள்ல 18க்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்க 2005-06ல 47 சதவீதம், 2019-21ல 23 சதவீதம், தமிழ்நாட்டுல 13 சதவீதத்துக்குப் பக்கம். எண்ணிக்கை கொறஞ்சது உறுதி. எதனாலங்கறதுல சண்டை உண்டு. 2006 சட்டம்னு சிலர், ஹைஸ்கூல் பக்கத்துல வந்தது, சைக்கிள், பஸ் பாஸ்னு சிலர். எல்லாத்துக்கும் பங்கு இருக்கும், ஆனா வீட்ல பேச்சு ஆரம்பிச்சப்ப படிக்கணும்னு சொல்லி சாப்பிடாம படுத்த பொண்ணு, 1098க்கு, அதான் குழந்தைகள் உதவி எண், ரகசியமா போன் போட்ட அவ ஃப்ரெண்டு, இவங்க பங்கு எந்த டேபிள்லயும் வராது. என் கிளாஸ்லயே அப்படிப் போன் பண்ண பொண்ணு உண்டு, அதுக்கப்புறம் ரெண்டு மாசம் ஊர்ல அவ வீட்டோட யாரும் பேசல.

கொரோனாவுக்கு அப்புறம் 2021 அக்டோபர்ல அரசு தொடங்குன இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துல சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் இளம்பெண்கள், மாசம் 1,000 ரூபாய். எங்க பழைய மாணவி ஒருத்தி அதுல இருந்தா. கிளாஸ் ஊர்த்தெருல ஒரு வீட்டுத் திண்ணைல நடந்துச்சு, காலனில இருக்குற தலித் பிள்ளைங்க வந்தா திண்ணைல ஏறாம கீழயே நின்னு பாத்துட்டுப் போயிடும்ங்க. அவ யார்கிட்டயும் சண்டை போடல. திண்ணைல வெளிச்சம் பத்தலன்னு சொல்லி சத்துணவுக் கூடத்துக்கு கிளாஸ மாத்திட்டா, எல்லாரும் ஒரே பாய். ரெண்டு வீட்டுக்காரங்க பிள்ளைங்கள நிறுத்துனாங்க, ஒரு வீடு திரும்ப அனுப்புச்சு. சமூக மாற்றத்தோட உண்மையான அளவு இவ்வளவுதான்னு நான் பல தடவ நெனச்சிருக்கேன், இதுல வைரலாகறதுக்கு ஒண்ணுமில்ல.

போராட்டத்துக்குப் போறவங்களுக்கு ஒரு நடைமுறை விஷயம், இத யாரும் மைக்ல சொல்ல மாட்டாங்க. வழக்குல பேர் வந்தா அரசு வேலைக்கு, பாஸ்போர்ட்டுக்கு போலீஸ் வெரிஃபிகேஷன் வர்றப்ப இழுபறி ஆகும். ஜல்லிக்கட்டு வழக்குகள வாபஸ் வாங்குறோம்னு அரசாங்கம் அறிவிச்சதே 2021 பிப்ரவரில, நாலு வருஷம் கழிச்சு, அதுலயும் போலீஸத் தாக்குன கேஸுக்கு விலக்கு. அப்பா கூலி வேல, அக்காவுக்கு இன்னும் கல்யாணம் ஆகலங்கற பையனுக்கு அந்த நாலு வருஷம் என்னான்னு யோசிங்க. போகாதீங்கன்னு சொல்ல வரல, போனா கூட ஒரு வக்கீல் நம்பர் பாக்கெட்ல எழுதி வச்சுட்டுப் போங்க, அமைதியா கூடுறது அடிப்படை உரிமைதான், ஆனா அனுமதி யார் பேர்ல வாங்கியிருக்கு, கூப்பிடுறவங்க நாளைக்கு ஸ்டேஷனுக்கும் வருவாங்களான்னு கேட்டுட்டுப் போங்க. பொண்ணுங்களுக்கு இதுக்கு மேல வீட்லேருந்து வெளிய வர்றதே ஒரு போராட்டம், அந்தக் கணக்க ஆம்பளப் பசங்க போடுறதே இல்ல.

உங்க ரெண்டாவது கேள்விக்கு வரேன். உங்க ஊர் கிராம ஊராட்சின்னா கிராம சபைலேருந்து ஆரம்பிங்க, வருஷத்துல ஆறு தேதி: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தா நீங்க அதுல உறுப்பினர், யாரும் கூப்பிட வேண்டியதில்ல. பேர் இல்லன்னா 18 முடிஞ்ச அப்புறம் வருஷத்துல நாலு தகுதித் தேதி இருக்கு, படிவம் 6 கொடுத்தா போதும். நான் என்எஸ்எஸ் பசங்கள அவங்கவங்க ஊர் சபைக்குப் போகச் சொல்லுவேன். நான் கூட இருந்த ஒரு சபைல என்ன நடந்துச்சுன்னா, கூட்டம் அரைமணி நேரத்துல முடிஞ்சுச்சு, நோட்டு சுத்தி வந்துச்சு, எல்லாரும் வரிசையா கையெழுத்து, நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் அப்படியே போட்டுட்டுப் போறாங்க. எங்க காலேஜ் பொண்ணு ஒண்ணு நோட்ட வாங்கி முன்பக்கம் திருப்பிப் பாத்துச்சு, தீர்மானம் எழுத வேண்டிய பக்கம் காலி. "தீர்மானத்த வாசிங்கண்ணே, வாசிச்சதும் போடுறேன்"னு செயலர்கிட்ட கேட்டுச்சு, குரல் நடுங்குச்சு. "அப்புறம் எழுதிக்கலாம்மா"ன்னாரு. அதுக்குள்ள பின்னாடி நின்ன ஒரு பாட்டி, "புள்ள கேக்குறதுல என்ன தப்பு, வாசியேன்"னு சத்தம் போட, வேற வழியில்லாம அங்கயே எழுதி வாசிச்சாங்க. அதுல சுடுகாட்டுப் பாதை இல்ல, ரெண்டு தடவையா கேட்டது. அன்னைக்குச் சேத்தாங்க. பாதை உடனே வந்துடல, அதுக்கப்புறம் ஒன்றிய ஆபீஸுக்கு நடையா நடந்துதான் வந்துச்சு, நடந்தது அந்தப் பொண்ணு இல்ல, அதுக்குள்ள அவ வேலைக்கு கோயம்புத்தூர் போயிட்டா, நடந்தது பாட்டியோட மருமக.

அதனால தனியா போகாதீங்க, ஏழெட்டுப் பேரா போங்க, அதுல ஊர விட்டுப் போகாத ரெண்டு பேராவது இருக்கணும், வயசு எதுவா இருந்தாலும் சரி. ஒரு தடவைக்கு ஒரு விஷயம் மட்டும் எடுங்க, தெருவிளக்கோ வரத்துவாய்க்காலோ. எழுத்துல கொடுங்க, ரெண்டு காப்பி, ஒண்ணுல பெற்றுக்கொண்டேன்னு சீல் வாங்குங்க, தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் இதான் முறை. தீர்மான நகல் தர மாட்டேன்னா ஆர்டிஐ, அதான் தகவல் அறியும் உரிமை மனு, போடுங்க: வெள்ளைத் தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பொதுத் தகவல் அலுவலருக்குன்னு முகவரி, என்ன வேணும்ங்கறத மட்டும் கேளுங்க, ஏன் செய்யலன்னு கேக்காதீங்க, அது தகவல் இல்லன்னு தள்ளிடுவாங்க. ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீத வச்சுக்கங்க. 30 நாள்ல பதில் வரலன்னா அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு, அதுக்கு ஃபீஸ் இல்ல. அந்த ரெண்டாவது தேதி பெரும்பாலும் உங்க செமஸ்டர் பரீட்சைல வந்து விழும், அதனால ரசீத இப்பவே அந்த ஊர விட்டுப் போகாத ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட கொடுத்துடுங்க.